வெள்ளரிக்காய்த் தூண்டிலும் 462 படிகளும்

வாசகர் கேள்வி – பதில்: ஜப்பானில் கதை நடந்த ஊர்கள்

ஜப்பான் பயணம் பற்றிக் குவிந்த கடிதங்களில் ஃபூஜி மலை, செர்ரிப் பூ, ஷாப்பிங் மூன்றையும் இந்த முறை ஒதுக்கிவிட்டோம். கதை, கவிதை, நாட்டார் வழக்கு என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில். ரயில் நேரமும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை. டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கே: பத்து நாள் ஜப்பான் போகிறேன். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகாவைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். மூன்று இரவை இலக்கியத்துக்கென்று ஒதுக்கினால் எங்கே போகலாம்?
*– வாசகி, திருச்சி*

ப: இவாத்தே மாகாணம். தோனோவில் இரண்டு இரவு, ஹனமாகியில் ஓர் இரவு.

தோனோ மலைகளுக்கு நடுவே வயல் சூழ்ந்த சிற்றூர். சஸாகி கிஸென் என்ற உள்ளூர்க்காரர் சொல்லச் சொல்லக் கேட்டு, யானகிதா குனியோ 1910-ல் 'தோனோ மோனோகதாரி' என்ற சின்ன நூலை எழுதினார். முதலில் அச்சிட்டது 350 பிரதிகள்தான். ஜப்பானிய நாட்டார் வழக்காற்றியலுக்கே பிள்ளையார் சுழி போட்ட நூல் அது. மொத்தம் 119 துணுக்குகள். பேய்க்கதைத் தொகுப்பு என்று எதிர்பார்க்காதீர்கள். பலவும் 'இந்த வீட்டுப் பெரியவர் இந்த மலைப்பாதையில் இதைக் கண்டார்' என்று சாட்சி சொல்வதுபோல ஐந்தாறு வரியில் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் கிடைக்கிறது, ஒரு மாலையில் படித்துவிடலாம். படித்துவிட்டுப் போங்கள். படிக்காதவர் கண்ணுக்கு அங்கே வயலும் ஓடையும்தான் தெரியும்.

டோக்கியோவிலிருந்து தோஹோக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் ஷின்-ஹனமாகி வரை சுமார் மூன்று மணி நேரம். எல்லா ரயிலும் அங்கே நிற்பதில்லை என்பதால் டிக்கெட்டில் நிறுத்தத்தைப் பாருங்கள். அங்கிருந்து காமாய்ஷி கிளைப் பாதையில் தோனோவுக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். கிளைப் பாதையில் ரயில்கள் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் காத்திருக்க நேரும். ஆகவே முதலில் கிளை ரயிலின் நேரத்தைப் பாருங்கள், அதற்குத் தோதாக ஷின்கான்சென் டிக்கெட் எடுங்கள். பலரும் தலைகீழாகச் செய்துவிட்டு ஷின்-ஹனமாகி காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருப்பார்கள்.

தோனோ ஸ்டேஷன் எதிரே சுற்றுலா அலுவலகம் இருக்கிறது. இரண்டு காரியத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஒன்று, வாடகை சைக்கிள், பனிக்காலத்தில் கிடைக்காது. மற்றது, கப்பா பிடிக்கும் லைசென்ஸ். கப்பா என்பது நீர்நிலைகளில் வாழ்வதாகச் சொல்லப்படும் குட்டிப் பூதம். தலை உச்சியில் ஒரு குழி, அதில் தண்ணீர். தண்ணீர் சிந்தினால் அதன் பலம் போய்விடும். சுமார் 220 யென் கொடுத்தால் ஓராண்டு செல்லுபடியாகும் அட்டை தருவார்கள். பின்பக்கம் விதிகள்: உயிரோடு, காயமில்லாமல் பிடிக்க வேண்டும். தலைக் குழியின் தண்ணீர் சிந்தக் கூடாது. கப்பா குட்டையில் மட்டுமே பிடிக்கலாம். உலோகக் கருவி கூடாது. இரை புதிய காய்கறியாக இருக்க வேண்டும். பிடிபடுவது சிவந்த முகமும் பெரிய வாயும் உடையதாக இருக்க வேண்டும். பிடித்ததும் சுற்றுலாச் சங்கத்தின் ஒப்புதல் பெற வேண்டும். முகச் சிவப்பை வேடிக்கைக்காகச் சேர்க்கவில்லை. மற்ற ஊர்க் கப்பாவின் முகம் பச்சை, தோனோவில் சிவப்பு என்று யானகிதாவின் நூலே சொல்கிறது.

குட்டை ஜோகென்ஜி கோயிலுக்குப் பின்னால் உள்ள ஓடையில் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். சைக்கிளில் அரை மணி நேரம் போதும். மூங்கில் கழி, நூல், நுனியில் வெள்ளரிக்காய் – அதுதான் தூண்டில். கரையில் ஒரு சின்னக் கோயில், அதில் சிவப்புத் துணியில் தைத்த குட்டிப் பொதிகள். தாய்ப்பால் சுரக்க வேண்டிக்கொள்ளும் பெண்கள் வைத்த காணிக்கை அவை. விளையாட்டுப் பொருள் என்று கையில் எடுத்துவிடாதீர்கள். ஜோகென்ஜி வாசலில் உள்ள காவல் நாய்ச் சிலைகளின் தலையையும் கவனியுங்கள், அங்கேயும் கப்பாவின் குழிதான். கோயில் தீப்பிடித்தபோது கப்பா வந்து அணைத்ததாம்.

ஐந்து நிமிட நடையில் தென்ஷோயென் என்ற பழைய பண்ணை வீடு. அதன் உள்ளறையில் ஒஷிராசாமா பொம்மைகள் சுமார் ஆயிரம் இருக்கின்றன. முசுக்கொட்டைக் கட்டையில் செதுக்கியவை. ஒன்றில் பெண் தலை, ஒன்றில் குதிரைத் தலை. குதிரையை மணந்த பெண், அந்தக் குதிரையை முசுக்கொட்டை மரத்தில் தொங்கவிட்டுக் கொன்ற தகப்பன் என்பது கதை. பட்டுப்புழுத் தெய்வமாக வணங்குகிறார்கள். நீங்களும் வேண்டுதலைத் துணியில் எழுதி ஒரு பொம்மைக்கு உடுத்திவிடலாம். அரையிருட்டான அறை. கப்பா குட்டையின் கேலி மனநிலையோடு உள்ளே நுழைந்தால் சட்டென்று வாயடைத்துப்போகும். தோனோவில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் குட்டையை விட்டுவிட்டு இங்கே வாருங்கள்.

ஊருக்குள் 'தோனோ மோனோகதாரி' அருங்காட்சியகத்தில் கதைசொல்லிகள் வட்டார வழக்கில் கதை சொல்கிறார்கள். டோக்கியோக்காரருக்கே பாதி புரியாது, நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. 'தோந்தோஹாரே' என்று கேட்டால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

இலையுதிர் காலத்தில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இவாத்தேயில் கரடி நடமாட்டம் நிஜம். காட்டோரப் பாதைகளில் தனியாக, அந்தி நேரத்தில் சைக்கிள் விடாதீர்கள். பையில் மாட்டும் கரடி மணி கடைகளில் கிடைக்கும்.

செலவையும் சொல்லிவிடுகிறோம். நாடு முழுக்கச் செல்லும் ஏழு நாள் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென்னாக ஏறியது. டோக்கியோ – ஷின்-ஹனமாகி போய்வர மட்டும் என்றால் தனி டிக்கெட் 30,000 யென்னுக்குள் முடிந்துவிடும். இந்த மூன்று இரவுக்காக மட்டும் அந்தப் பாஸ் எடுப்பது நஷ்டம்.

கே: அதே பக்கம் ஹனமாகியில் மியாசாவா கெஞ்சிக்கு என்ன இருக்கிறது? எந்த மாதம் நல்லது?
*– வாசகர், புதுச்சேரி*

ப: செப்டம்பர் 21. மாதம் கேட்டவருக்குத் தேதியே சொல்லக் காரணம் இருக்கிறது.

ஹனமாகியில் கிடகாமி ஆற்றங்கரைக்குக் கவிஞரும் கதாசிரியருமான கெஞ்சி 'இங்கிலாந்துக் கடற்கரை' என்று பெயர் வைத்தார். நீர் வற்றும்போது தெரியும் வெளிறிய களிமண் பாறை, டோவர் கடற்கரையின் வெண்பாறையை நினைவுபடுத்தியதாம். இப்போது மேலே அணைகள் கட்டி நீரோட்டத்தைச் சீராக்கிவிட்டதால் பாறை பெரும்பாலும் நீருக்கடியில்தான். கெஞ்சி 1933-ல் இறந்த நாள் செப்டம்பர் 21. அன்று மட்டும் அணைகளில் நீரை மட்டுப்படுத்திப் பாறையை வெளிக்கொணர முயல்கிறார்கள். முந்தைய நாட்களில் பெருமழை பெய்திருந்தால் அன்றும் தெரியாது. ஓர் எழுத்தாளர் நினைவாக ஆற்றையே இறக்கிப் பார்க்கிறார்கள் என்பதற்காகவாவது போகலாம். அன்று மாலை அவருடைய 'மழைக்கும் தோற்காமல்' கவிதை பொறித்த கல்லருகே நினைவு விழாவும் நடக்கும்.

கெஞ்சி அருங்காட்சியகம் ஷின்-ஹனமாகி ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் குன்றின் மேல் இருக்கிறது, டாக்ஸியில் சில நிமிடம். நடந்து ஏறினால் 367 படிகள். ஏற ஏற அதே கவிதையின் எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும். பக்கத்திலேயே 'காட்டுப்பூனை' பெயரில் ஓர் உணவகம். கெஞ்சியின் கதையில் அந்த உணவகத்துக்கு வருகிறவர்கள்தான் சாப்பாடு. கதை தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே உட்காருவார்கள்.

காமாய்ஷி பாதையில் ஒவ்வொரு ஸ்டேஷன் பலகையிலும் எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் ஒரு செல்லப் பெயர் இருக்கும். கெஞ்சி அந்த மொழியைக் கற்றவர் என்பதால். தோனோவுக்கு 'ஃபோல்க்லோரோ', ஷின்-ஹனமாகிக்கு 'ஸ்டெலாரோ'. பழைய வழிகாட்டி நூல்கள் இந்தப் பாதையில் நீராவி ரயில் ஓடுவதாகச் சொல்லும். அது 2023 ஜூனோடு நின்றுவிட்டது.

கே: கவபாட்டாவின் 'பனி நாடு' படித்தவன். அந்தச் சுரங்கம் வழியாக ரயிலில் போக முடியுமா?
*– வாசகர், கோவை*

ப: முடியும். ஆனால் நாவலின் திசையில் முடியாது. இந்தச் சிக்கல் தெரியாமல் போய், தவறான சுரங்கத்துக்குள் கண்கலங்கியவர்கள் நிறைய.

நாவலின் முதல் வரியில் ரயில் கடந்து பனி நாட்டுக்குள் நுழையும் சுரங்கம், 1931-ல் திறந்த ஷிமிஸு சுரங்கம், 9.7 கிலோமீட்டர். அப்போது ஒரே தண்டவாளம், இரு திசை ரயிலும் அதிலேயே ஓடின. 1967-ல் பக்கத்தில் 13.5 கிலோமீட்டரில் புதிய ஷிமிஸு சுரங்கம் வந்ததும் ஒருவழிப் பாதையாகப் பிரித்துவிட்டார்கள். டோக்கியோ பக்கமிருந்து நாவலின் ஊரான யுஸாவா போகும் சாதாரண ரயில் புதிய சுரங்கத்தில் போகும். யுஸாவாவிலிருந்து டோக்கியோ பக்கம் திரும்பும் ரயிலுக்குத்தான் பழைய சுரங்கம். ஷின்கான்சென்னுக்கு மூன்றாவதாக ஒன்று தனியே உண்டு, 22 கிலோமீட்டர். அதில் நாவல் நினைவுக்கு வருவதற்குள் எச்சிகோ-யுஸாவா வந்துவிடும்.

எனவே போகும்போது ஷின்கான்சென், திரும்பும்போது சாதாரண ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவிலிருந்து யுஸாவா சுமார் 80 நிமிடம். திரும்புகையில் யுஸாவாவில் மினகாமி போகும் ஜோயெட்ஸு பாதை ரயிலில் ஏறுங்கள். நாளைக்குச் சில ரயில்கள்தான், முதல் நாளே நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வழியில் ட்ஸுச்சிதாரு என்ற ஆளற்ற ஸ்டேஷன் வரும். நாவலின் தொடக்கத்தில் ரயில் நிற்கும் சமிக்ஞை நிலையம் அதுதான். நாவலில் சுரங்கத்தைக் கடந்ததும் வரும், உங்களுக்குச் சுரங்கத்துக்கு முன்னால் வரும். ஏற்றத்தைச் சமாளிக்கத் தண்டவாளம் மலைக்குள் வட்டமடிக்கும் இடங்கள் இரண்டு. தோவாய் தாண்டிய பின் வரும் வட்டத்தில், சற்று நேரத்தில் நீங்கள் போய் நிற்கப்போகும் யுபிஸோ ஸ்டேஷன் கீழே பள்ளத்தில் தெரியும்.

தோவாயில் இறங்குங்கள். இங்கே ஒரு பிளாட்பாரம் தரைமட்டத்தில், இன்னொன்று புதிய சுரங்கத்துக்குள், சுமார் 70 மீட்டர் ஆழத்தில். இரண்டையும் இணைப்பது 462 படிகள் கொண்ட நேர் படிக்கட்டு. வாசலுக்கு முன் இன்னும் 24 படி. லிஃப்ட் கிடையாது. மினகாமியிலிருந்து வருகிறவர்கள் ஆழத்தில் இறங்கிப் பெட்டியோடு மேலே ஏறித் தவிப்பார்கள். யுஸாவாவிலிருந்து வருகிற நீங்கள் தரைமட்டத்தில் இறங்குவீர்கள். விருப்பமிருந்தால் படிக்கட்டில் இறங்கிப் பார்த்துவிட்டு, கீழேயே யுஸாவா ரயிலைப் பிடித்துத் திரும்பலாம். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடுதான் சரி. படி ஈரமாக இருக்கும், கோடையிலும் உள்ளே குளிரும். பத்து நிமிடத்துக்கு மேல் ஒதுக்குங்கள், கடைசி நிமிட ஓட்டம் அந்தப் படியில் ஆபத்து. ஸ்டேஷனில் ஆள் இல்லை. சுய்கா என்ற முன்பணக் கார்டைத் தட்டி ஏறாமல் காகித டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

யுஸாவாவில் தகாஹான் என்ற விடுதியில் கவபாட்டா 1934 முதல் 1937 வரை வந்து தங்கி எழுதினார். விடுதிக் கட்டடம் மாறிவிட்டது, அவருடைய அறையை மட்டும் அப்படியே காத்துவருகிறார்கள். பார்க்க மட்டும் போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். ஊர் அருங்காட்சியகமான 'யுகிகுனிகான்' ஸ்டேஷனிலிருந்து நடை தூரம். ஒரு வேடிக்கை: நாவலில் யுஸாவா என்ற பெயர் ஓரிடத்திலும் வராது.

பனி வேண்டும் என்றால் ஜனவரி, பிப்ரவரி. ஏப்ரல் கடைசியில் போய்ப் பனி எங்கே என்று கேட்காதீர்கள்.

கே: சுத்த சைவம். சிற்றூர்களில் பட்டினிதானா?
*– வாசகி, கும்பகோணம்*

ப: பட்டினி இல்லை, திட்டமிடல் உண்டு. இறைச்சியைத் தவிர்ப்பது சுலபம். சிக்கல் 'தாஷி'யில். நம் சாம்பாருக்குப் பருப்பு வேகவைத்த நீர்போல, ஜப்பானியச் சமையலுக்கு அடி நீர் அது. பெரும்பாலும் உலர்த்திய கட்ஸுவோ மீனின் சீவலில் செய்வார்கள். மிசோ சூப், நூடுல்ஸ் சாறு, காய்கறிக் கூட்டு, சில ஊறுகாய் எல்லாவற்றிலும் இருக்கும். 'இறைச்சி, மீன் வேண்டாம்' என்றால் துண்டுகளை எடுத்துவிட்டு அதே சாற்றில் கொடுப்பார்கள். ஏமாற்றும் எண்ணமில்லை, தாஷியை அவர்கள் மீனாக நினைப்பதில்லை. 'நிக்கு மோ ஸகானா மோ தபேமசேன், கட்ஸுவோ தாஷி மோ தாமே தெஸு' (இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன், கட்ஸுவோ தாஷியும் கூடாது) என்று சொல்லுங்கள். அதைவிட, டோக்கியோ ஹோட்டல் வரவேற்பில் இதை ஜப்பானிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக் காட்டுவது பலன் தரும்.

இரவு உணவு தரும் பாரம்பரிய விடுதிகளுக்குப் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும், குறைந்தது ஒரு வாரம் முன்பு. அன்றைய சமையல் பொருள் முன்னாலேயே வாங்கப்பட்டுவிடும்; மாலை ஆறு மணிக்குச் சொன்னால் சோறும் ஊறுகாயும்தான் மிஞ்சும். முடியாது என்று பதில் வந்தால் 'ஸுடோமாரி', அதாவது அறை மட்டும், எடுத்துக்கொண்டு சாப்பாட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியது வெள்ளரிக்காய் சுஷி. பெயர் கப்பா-மாகி, தோனோ பூதத்தின் பெயரேதான். உமே (ஜப்பானியப் பிளம்) ஊறுகாய் வைத்த சோற்று உருண்டை பரவாயில்லை, ஆனாலும் உறையைப் படியுங்கள். இனாரி சுஷியின் பொரித்த தோஃபு பை பெரும்பாலும் மீன் தாஷியில் வெந்தது. யமாகாட்டா மாகாணத்து மலைக் கோயிலான யமாதேராவில் குச்சியில் செருகி விற்கும் உருண்டைக் கொன்யாக்கு கிழங்குப் பண்டம்தான். ஆனால் அதைக் கொதிக்கவைக்கும் சோயா சாற்றில் உலர் கணவாய் போடுவது அந்த மாகாணத்து வழக்கம். பார்க்க அப்பாவியாக இருப்பதால் சைவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது அதில்தான்.

கே: யமாதேராவில் பாஷோ கேட்ட சிள்வண்டு இப்போதும் கேட்குமா?
*– வாசகர், நாகர்கோவில்*

ப: ஜூலை நடுவில் போனால் கேட்கும். ஹைக்கூக் கவிஞர் பாஷோ அங்கே ஏறியது 1689 ஜூலை 13 – இன்றைய நாட்காட்டிப்படி. அமைதியைப் பற்றியும் பாறைக்குள் ஊடுருவும் சிள்வண்டின் குரலைப் பற்றியும் அவர் எழுதிய ஹைக்கூவுக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டையே நடந்தது. யமாகாட்டாவில் பிறந்த கவிஞர் சாயிட்டோ மோகிச்சி, அது 'அபுராஸெமி' என்ற உரத்த சிள்வண்டு என்று 1926-ல் எழுதினார். இலக்கிய விமர்சகர் கோமியா தோயோட்டாக்கா மறுத்தார்: அமைதிக்கும் பாறைக்கும் பொருந்துவது மெல்லக் கத்தும் 'நீநீஸெமி', தவிரவும் ஜூலைத் தொடக்கத்தில் அபுராஸெமி வெளிவந்திருக்காது. கடைசியில் வண்டுகளைப் பிடித்துப் பார்த்தே தீர்க்க வேண்டியதாயிற்று. மோகிச்சி தோல்வியை ஒப்புக்கொண்டார்.

எனவே ஆகஸ்டில் போனால் நீங்கள் கேட்பது மோகிச்சியின் வண்டு. ஜூலையில் கேட்டால்தான் பாஷோவுடையது.

செண்டாயிலிருந்து செண்ஸான் பாதையில் சுமார் ஒரு மணி நேரம். கோயிலுச்சிக்கு 1,015 படி. நிதானமாக ஏறினால் 40 நிமிடம். காலை முதல் ரயிலில் போங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டத்தில் வண்டுச் சத்தம் அமுங்கிவிடும். பாதி வழியில் 'ஸெமிஸுகா' என்ற கல் இருக்கிறது. பாஷோவின் கவிதைத் தாளை அங்கே புதைத்திருக்கிறார்கள்.

கே: கினோஸாகியில் ஏழு பொதுக் குளியல் என்கிறார்கள். ஆடையில்லாமல் குளிக்க வேண்டுமாமே? கூச்சமாக இருக்கிறது. அங்கே என்ன இலக்கியம்?
*– வாசகி, சென்னை*

ப: ஆடையில்லாமல்தான். ஆண், பெண் தனித்தனி. நீச்சலுடைக்கு அனுமதி இல்லை. பச்சை குத்தியவர்களைப் பல வெந்நீர் ஊற்றுகள் திருப்பி அனுப்பும். கினோஸாகியின் ஏழு பொதுக் குளியல்களிலும் அந்தத் தடை இல்லை.

முறையைத் தெரிந்துகொண்டால் பாதிக் கூச்சம் போய்விடும். உடைகளைக் கூடையிலோ லாக்கரிலோ வைத்துவிட்டுச் சின்னத் துவாலையோடு உள்ளே போங்கள். குட்டை முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்து, நுரை துளியும் இல்லாமல் அலசிவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். தொட்டி ஊறுவதற்கு, தேய்ப்பதற்கு அல்ல. நின்றபடி தண்ணீரை வாரி இறைத்தால் பக்கத்தில் உள்ளவர் மேல் தெறிக்கும். நம்மவர்கள் அதிகம் செய்யும் பிழை இதுதான். கூந்தலைத் தூக்கி முடியுங்கள். துவாலை தண்ணீரில் படக் கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளுங்கள். சூடு 40 டிகிரிக்கு மேல். ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓய்ந்து மறுபடி இறங்கலாம். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ஏழையும் ஒரே மாலையில் முடிக்க நினைத்து மயங்கியவர்கள் உண்டு, மூன்று போதும். மாதவிடாய் நாட்களில் பொதுத் தொட்டியைத் தவிர்ப்பது வழக்கம். அப்போதும், கூச்சம் தீராவிட்டாலும், 'கஷிகிரி' என்று கேளுங்கள். பல விடுதிகளில் தனி அறைக் குளியலை நேரக் கணக்கில் தருவார்கள்.

விடுதியில் தரும் யுகாட்டா அங்கியில், மரச் செருப்பில் தெருவெல்லாம் நடக்கலாம், எல்லாரும் அப்படித்தான். இடது மடிப்பு மேலே வர வேண்டும். வலது மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. விடுதியில் தங்குகிறவர்களுக்கு ஏழு குளியலுக்குமான அனுமதிச் சீட்டையும் விடுதியே கொடுக்கிறது. ஒவ்வொரு குளியலுக்கும் வாரத்தில் ஒரு விடுமுறை நாள், அது ஒன்றுக்கொன்று மாறும்.

இலக்கியம்? 1913-ல் டோக்கியோவில் ரயில் மோதிப் பிழைத்த ஷிகா நாவோயா உடம்பு தேற வந்த ஊர் இது. அந்த நாட்களிலிருந்து 'கினோஸாகியில்' என்ற சிறுகதையை 1917-ல் எழுதினார். தேனீ, எலி, நீர்ப்பல்லி என்று மூன்று சின்னச் சாவுகள்; அவ்வளவுதான் கதை. பதினைந்து நிமிடத்தில் படித்து முடிக்கலாம், ஓடையோரம் நடந்துகொண்டே யோசிக்கலாம். இந்த ஊருக்கென்றே எழுதி, இந்த ஊரில் மட்டும் விற்கும் நூல்களும் உண்டு. ஒன்றுக்குத் துவாலைத் துணியில் உறை, தண்ணீரில் நனையாத தாள். தொட்டியில் உட்கார்ந்தே படிக்கலாம். இன்னொன்றின் அட்டை அவித்த நண்டின் ஓடுபோலச் சொரசொரப்பானது. ஜப்பானிய மொழி தெரியாதவரும் வாங்கிப் போகிறார்கள், தப்பில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை நண்டுப் பருவம். அறை வாடகை ஏறும். கியோட்டோ அல்லது ஒசாகாவிலிருந்து நேரடி எக்ஸ்பிரஸில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் அல்லது கீழ்.

கே: தஸாய் ஒஸாமு பிறந்த வீடும் அடுப்பு ரயிலும் ஒரே இடத்திலா?
*– வாசகர், சேலம்*

ப: ஒரே பாதையில். அவோமோரி மாகாணம், கோஷோகாவாராவிலிருந்து ட்ஸுகாரு ரயில்வே. இது தனியார் பாதை, ஜே.ஆர். பாஸ் செல்லாது, கெட்டி அட்டை டிக்கெட். டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை சில ரயில்களில் நிலக்கரி அடுப்பு எரியும் பழைய பெட்டியை இணைக்கிறார்கள். அதற்குக் கூடுதல் கட்டணச் சீட்டு வேண்டும். அடுப்பின் மேல் உலர் கணவாயைச் சுட்டுக் கொடுப்பார்கள், பெட்டி முழுக்க மணக்கும். கும்பகோணம் வாசகி கவனிக்க. அடுப்பை ஒட்டிய இருக்கை கருகும், ஓரத்து இருக்கை குளிரும். இரண்டு வரிசை தள்ளி உட்காருங்கள். செயற்கை இழை ஜாக்கெட்டை அடுப்பில் உரச விடாதீர்கள்.

கனாகியில் இறங்கினால் 'ஷாயோகான்', 1907-ல் நாவலாசிரியர் தஸாயின் தந்தை கட்டிய மாளிகை. 1950 முதல் 1996 வரை விடுதியாக இருந்து, 1998 முதல் அருங்காட்சியகம். தன் எழுத்தில் தஸாய் தன்னை எவ்வளவு தாழ்த்திக்கொள்கிறார் என்பதை நினைத்துக்கொண்டே அந்தக் கூடத்தின் உத்தரங்களைப் பாருங்கள். அவர் எதற்குக் கூசினார் என்பது விளங்கும்.

கே: ஓஸோரெஸான் மலையில் இறந்தவர்களோடு பேசவைக்கிறார்களாமே?
*– வாசகி, மதுரை*

ப: பேசவைப்பவர்கள் 'இட்டாக்கோ' எனப்படும் பெண்கள். பரம்பரையாகப் பார்வையற்றவர்கள் செய்துவந்த தொழில். இன்று மிகச் சிலரே இருக்கிறார்கள். மலைக் கோயிலுக்கும் அவர்களுக்கும் நிர்வாகத் தொடர்பு இல்லை. ஜூலை 20 – 24 திருவிழாவில் வளாகத்துக்கு வருவதுண்டு, வரிசை மணிக்கணக்கில் நீளும். பேச்சு வட்டார ஜப்பானியத்தில், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பயனில்லை. படம் எடுக்காதீர்கள். பக்கத்தில் அழுதுகொண்டிருப்பவர் சுற்றுலாப் பயணி அல்ல.

கோயில் மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். ஷிமோகிட்டா ஸ்டேஷனிலிருந்து பஸ். கந்தகக் காற்றில் வெள்ளிக் கொலுசும் மோதிரமும் கறுத்துவிடும், கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். வளாகத்திலேயே மரக் குளியல் குடிசைகள் உள்ளன. நுழைவுக் கட்டணம் கட்டியவர்கள் குளிக்கலாம், துவாலை உங்களுடையது. ஜன்னலைச் சாத்தாதீர்கள், வாயு தேங்கும். கரையில் அடுக்கிய கூழாங்கல் குவியல்களும் சுழலும் காகிதக் காற்றாடிகளும் இறந்துபோன குழந்தைகளுக்கானவை. கல் ஒன்றைக்கூட நினைவாக எடுத்து வராதீர்கள்.

கே: ஹிரோஷிமாவிலிருந்து ஒரு நாள் மட்டும் கிடைக்கும். எங்கே போகலாம்?
*– வாசகர், ஈரோடு*

ப: கடல் தாண்டி மாட்சுயாமா. விரைவுப் படகில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நாட்சுமே சோசெக்கி இங்கே 1895-ல் ஆசிரியராக வந்து ஓராண்டில் கிளம்பினார். 1906-ல் எழுதிய 'போச்சான்' நாவலில் அந்த ஊரையும் மக்களையும் கிண்டலடித்துத் தீர்த்தார். ஊரோ கோபப்படாமல் ரயில், மூவண்ண இனிப்பு உருண்டை, பேஸ்பால் மைதானம் எல்லாவற்றுக்கும் போச்சான் பெயரையே வைத்துவிட்டது. 1894-ல் கட்டிய தோகோ குளியல் மாளிகை, நீண்ட பராமரிப்புக்குப் பின் 2024 ஜூலையில் முழுமையாகத் திறந்தது. நாவலின் நாயகன் தொட்டியில் நீந்திவர, ஒரு நாள் 'நீந்தக் கூடாது' என்று பலகை தொங்கும். ஆண்கள் பக்கத்தில் 'போச்சான், நீந்தாதே' என்ற பலகை இன்றும் இருக்கிறது.

ஹைக்கூக் கவிஞர் மசாவோகா ஷிக்கி பிறந்த ஊரும் இதுவே என்பதால் ஊரெங்கும் ஹைக்கூப் பெட்டிகள் இருக்கின்றன. பக்கத்தில் உள்ள தாளில் எழுதிப் போடலாம். ஷிக்கி அருங்காட்சியகம் தோகோ டிராம் நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிட நடை.

கே: ஜப்பானிய மொழி தெரியாமல் எழுத்தாளர் அருங்காட்சியகத்துக்குப் போய் என்ன பயன்?
*– வாசகர், தஞ்சாவூர்*

ப: சிலவற்றில் பயன் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கையெழுத்துப் பிரதிகள், அதற்கு ஜப்பானிய விளக்கம் – அப்படிப்பட்ட இடங்களில் அரை மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் தாங்காது. வாசலில் ஆங்கிலக் கையேடு கேளுங்கள், இருந்தால் தருவார்கள். போன் மொழிபெயர்ப்புச் செயலி அச்செழுத்தைப் படிக்கும், தூரிகைக் கையெழுத்தில் உளறும். பல அறைகளில் போனைத் தூக்குவதற்கே தடை. மொழி தெரியாதவருக்குப் பொருட்கள் பேசும் இடங்களே மேல். மட்சுவேயில், ஜப்பானியப் பேய்க்கதைகளை ஆங்கிலத்தில் எழுதிய லாஃப்காடியோ ஹெர்னின் அருங்காட்சியகத்தில் அவருடைய எழுதுமேசை வழக்கத்தைவிட உயரமானது; ஒற்றைக் கண்ணும் கிட்டப்பார்வையுமாகத் தாளை முகத்தருகே வைத்து எழுத அப்படிச் செய்துகொண்டார். பக்கத்திலேயே 1891-ல் அவர் குடியிருந்த சாமுராய் வீடு. மூன்று பக்கமும் தோட்டம் தெரியும் அறையில் உட்காரலாம், அதற்கு விளக்கப் பலகை தேவைப்படாது.

கே: எந்தக் கிழமை, எந்த வாரம் தவிர்க்க வேண்டும்?
*– வாசகி, வேலூர்*

ப: திங்கட்கிழமை. பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. அந்தத் திங்கள் அரசு விடுமுறையானால் செவ்வாய் மூடுவார்கள். ஏப்ரல் கடைசி முதல் மே 5 வரை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஓபோன் வாரம், ஆண்டிறுதி – மூன்றிலும் அறையும் கிடைக்காது, ரயிலில் இடமும் கிடைக்காது.

கே: டோக்கியோவை விட்டு நகர நேரமில்லை. ஒரு மதியம் மட்டும்?
*– வாசகர், தூத்துக்குடி*

ப: ஜிம்போச்சோ. சுமார் 130 பழைய புத்தகக் கடைகள். யசுகுனி சாலையின் தெற்கு ஓரத்தில்தான் கடைகள் நெருக்கமாக இருக்கும், எல்லாம் வடக்குப் பார்த்தவை. வெயில் பட்டால் புத்தகம் வெளுத்துவிடும் என்பதால். ஞாயிறு பல கடைகள் மூடியிருக்கும். ரொக்கம் எடுத்துப் போங்கள். அக்டோபர் கடைசியில் நடைபாதை முழுக்கப் புத்தகச் சந்தை போடுவார்கள். மழை பெய்தால் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு மூடிவிடுவார்கள்; வானிலை பார்த்துக் கிளம்புங்கள்.